மூன்றாவது தவணை ஊசியும் நம் மனச்சான்றும்



மாற்கு நற்செய்தியின் 8-ஆம் அதிகாரத்தில் பெத்சாய்தா ஊரைச் சேர்ந்த பார்வையற்ற ஒருவரைப் பற்றி வாசிக்கிறோம். ஆண்டவர் அவரது கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறார். கண்களைத் தொடுகிறார். ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். தெரிகிறது, ஆனால் மனிதர்கள் நடமாடும் மரங்களைப் போலத் தெரிகிறார்கள் என்கிறார் அவர். ஆண்டவர் மீண்டும் ஒருமுறை கை வைக்கிறார். அதன் பிறகே எல்லாம் தெளிவாகிறது. நற்செய்திகளில் இயேசு இரண்டு படிகளில் குணமளித்ததாக நாம் காணும் புதுமை இது ஒன்றுதான். முதல் தொடுதல் பலிக்கவில்லை என்று இதை வாசிக்கும் எவரும் சொல்வதில்லை. தொடங்கிய நன்மையை அவர் முடித்து வைத்தார் என்றே நாம் புரிந்துகொள்கிறோம்.

2022-ஆம் ஆண்டில் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றபோதும், அன்பியக் கூட்டங்களிலும் நாம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "இரண்டு ஊசிதான் போட்டாயிற்றே, மூன்றாவது எதற்கு? போட்டது வேலை செய்யவில்லையா?" இதற்குப் பாதி பதில் மருத்துவரிடம் இருந்தது. மறுபாதி நம் மனச்சான்றோடு தொடர்புடையது. அந்த மறுபாதியைப் பற்றி அன்று நிதானமாகப் பேச நமக்கு நேரம் இருக்கவில்லை. கோவிட்-19 உலகளாவிய அவசர நிலையாக இனி நீடிக்கவில்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. அச்சம் விலகிவிட்டது. ஆனால் மூன்றாவது ஊசியைத் தள்ளிப்போட்ட வீடுகளில் சில வருத்தங்கள் இன்னும் விலகவில்லை. இன்னொரு பெருந்தொற்று வந்தால் இதே கேள்வி இதே முற்றத்தில் மீண்டும் எழும். ஆகவே அன்றைய விவரங்களையும், அவற்றைத் திருச்சபையின் போதனை வழி எப்படிப் பார்ப்பது என்பதையும் இங்கே ஒருசேரத் தருகிறோம்.

பழகிய ஒன்றுதான்

கூடுதல் தவணை என்பது கோவிட் காலத்தில் புதிதாக முளைத்தது என்று நினைப்பவர்கள் தங்கள் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி ஆகியவற்றுக்கான ஊசி 6, 10, 14 வாரங்களில் மூன்று முறை போடப்படுகிறது. பிறகு ஒன்றரை வயதையொட்டி ஒரு பூஸ்டர், 5 வயதைத் தாண்டியதும் இன்னொன்று. ரணஜன்னி ஊசி 10 வயதிலும் 16 வயதிலும் மீண்டும் வருகிறது. நாய் கடித்தால் எத்தனை முறை மருத்துவமனைக்கு நடக்கிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும். போலியோ சொட்டு மருந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1995-இல் தொடங்கிய முகாம்களில் ஏற்கெனவே மருந்து பெற்ற குழந்தைகளையும் ஆண்டுக்காண்டு மீண்டும் தூக்கிக்கொண்டு போனோம். அதன் பலனாக 2011 சனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ வைரசால் ஒரு குழந்தையும் முடமாகவில்லை. 2014 மார்ச் 27 அன்று நம் நாடு அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றது எனச் சான்று பெற்றது. தனது சிறுவயதில் போலியோ பரவியபோது எத்தனை குழந்தைகள் முடமானார்கள் என்பதை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2021 சனவரியில் இத்தாலியத் தொலைக்காட்சிக்கு அளித்த நேர்காணலில் நினைவுகூர்ந்தார்.

இதற்குக் காரணம் நம் உடலின் இயல்பே. தடுப்பூசி போட்டதும் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் பெருகுகின்றன. சில மாதங்களில் அவை குறைகின்றன. கிருமியை அடையாளம் வைத்துக்கொள்ளும் நினைவுச் செல்கள் மட்டும் நெடுநாள் தங்குகின்றன. அடுத்த தவணை அந்த நினைவைத் தட்டியெழுப்புகிறது. கோவிட் கிருமியோ தன் உருவத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தது. 2021 நவம்பர் 26 அன்று ஒமிக்ரான் என்று பெயர் சூட்டப்பட்ட உருமாற்றம் முந்தைய ஊசிகளின் காவலைப் பெருமளவு தாண்டிக்கொண்டு தொற்றியது. எனினும் நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வதையும் இறப்பையும் தடுப்பதில் ஊசிகளின் பலன் முற்றிலும் போய்விடவில்லை. மூன்றாவது தவணை அந்தப் பலனை மீண்டும் உயர்த்தியது. "ஊசி போட்டும் காய்ச்சல் வந்ததே" என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. காய்ச்சல் வந்தது. ஆனால் அந்த ஊசியிடம் முதன்மையாக எதிர்பார்த்தது காய்ச்சலே வராமல் தடுப்பதை அல்ல, காய்ச்சலோடு நின்றுபோவதை.

பூஸ்டர் வேறு, கூடுதல் தவணை வேறு

இந்த இரண்டையும் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம். வேறுபாடு முக்கியமானது. ஒருவரது உடல் முதல் இரண்டு தவணைகளுக்கும் நன்றாகப் பதில் தந்து, காலப்போக்கில் அது தளரும்போது கொடுப்பது பூஸ்டர். முதல் இரண்டு தவணைகளுக்கும் உடல் போதிய பதிலே தராத நிலையில் உள்ளவர்களுக்குத் தொடக்கத் தவணைகளின் பகுதியாகவே கொடுப்பது கூடுதல் தவணை. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளை உண்பவர்கள் இந்த இரண்டாம் வகையினர். இவர்களுக்குக் கூடுதல் தவணை தேவை என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 2021 அக்டோபரில் பரிந்துரைத்தது.

இவர்களில் சிலருக்கு மூன்று போட்டாலும் முழுப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். அப்போது அவர்களைச் சுற்றி வாழ்வோரே அவர்களுக்கு வேலி. உடல்நலமுள்ள ஓர் இளைஞர் "எனக்கு எதற்கு" என்று கேட்டால், அவருக்காக மட்டும் என்று பார்த்தால் அந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. வீட்டில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் தாய் இருந்தால் அந்த நியாயம் மாறிவிடுகிறது. 2021 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட காணொளிச் செய்தியில் தடுப்பூசி போட்டுக்கொள்வதை அன்பின் செயல் என்று அழைத்தது இந்தப் பொருளில்தான். தன் பாதுகாப்புக்கான செயல் என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால் அதைச் சொல்ல மருத்துவர் போதும், திருத்தந்தை தேவையில்லை.

நம் நாட்டில் நடந்தது

இந்தியாவில் தடுப்பூசிப் பணி 2021 சனவரி 16-இல் தொடங்கி, அதே ஆண்டு அக்டோபர் 21-இல் 100 கோடி தவணையைத் தொட்டது. மூன்றாவது தவணைக்கான அறிவிப்பு 2021 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்புப் பெருவிழா அன்று இரவு வந்தது. குடில் முன் அமர்ந்திருந்த வேளையில் தொலைக்காட்சியில் பிரதமரின் உரையைக் கேட்டவர்கள் நம்மிடையே பலர். அரசு அதைப் பூஸ்டர் என்று சொல்லவில்லை, 'முன்னெச்சரிக்கை தவணை' என்று பெயரிட்டது. 2022 சனவரி 10 முதல் நலவாழ்வுப் பணியாளர்களுக்கும், முன்களப் பணியாளர்களுக்கும், இணை நோய்கள் உள்ள 60 வயதைக் கடந்தவர்களுக்கும் அது கிடைத்தது. தவக்காலத்தின் நடுவே, மார்ச் 16 அன்று, 60 வயதைக் கடந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. ஏப்ரல் 10, அவ்வாண்டின் குருத்து ஞாயிறு. அன்றுதான் 18 வயதைக் கடந்த அனைவருக்கும் வழி திறந்தது, ஆனால் தனியார் மையங்களில் பணம் கட்டி. ஊசி 225 ரூபாய், போடும் கூலி 150 ரூபாய் வரை. 18 முதல் 59 வயதுக்குள் நால்வர் உள்ள வீட்டுக்கு ஏறத்தாழ 1,500 ரூபாய். தினக்கூலியில் வாழும் குடும்பம் அந்தப் பணத்தை அரிசிக்கு ஒதுக்கியதில் நாம் குறை காண முடியாது. ஜூலை 15 முதல் 75 நாட்களுக்கு அரசு மையங்களில் அனைவருக்கும் இலவசமாக்கினார்கள். அதற்குள் பலருக்கு ஆர்வம் போய்விட்டது.

இடைவெளியும் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் இரண்டாம் தவணையிலிருந்து 9 மாதங்கள் என்றார்கள். 2022 ஜூலையில் அதை 6 மாதங்களாகக் குறைத்தார்கள். முதலில் எந்த ஊசி போட்டோமோ அதே ஊசிதான் என்றார்கள். ஆகஸ்டு 12 முதல் கோவிஷீல்டு அல்லது கோவாக்சின் போட்டவர்கள் கோர்பெவாக்ஸை மூன்றாவதாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். இப்படி விதிகள் மாறியதைப் பலர் நம்பிக்கையின்மைக்குக் காரணமாகச் சொன்னார்கள். அவர்களது குழப்பம் நமக்குப் புரிகிறது. ஆனால் ஒரு புதிய நோயைப் பற்றிய அறிவு வளர வளர அறிவுரை மாறாமலே இருந்திருந்தால்தான் நாம் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

முடிவில் ஏறத்தாழ 95 கோடிப் பேர் இரண்டு தவணை பெற்ற நாட்டில் முன்னெச்சரிக்கை தவணை 23 கோடியைத் தொடவில்லை. ஏறக்குறைய நான்கில் ஒருவர். ஒமிக்ரான் பெரும்பாலோருக்கு லேசாகப் போனதும், பலருக்குத் தொற்று வந்து இயற்கையான எதிர்ப்பாற்றல் கூடியதும் இதற்குக் காரணங்கள். ஆனால் முதியோரும் நோயாளிகளும் "பெரும்பாலோர்" என்ற சொல்லுக்குள் அடங்குவதில்லை.

திருச்சபை சொன்னதும் சொல்லாததும்

சில ஊசிகள் கருக்கலைப்போடு தொடர்புடைய செல்களைக் கொண்டு தயாரிக்கப்பட்டவை என்ற செய்தி நம் மக்களில் பலரை உண்மையாகவே கலங்கவைத்தது. அந்தக் கலக்கத்தை நாம் ஏளனம் செய்யக்கூடாது. உயிரைக் கருவிலிருந்தே மதிக்கும் மனச்சான்றிலிருந்துதான் அது எழுந்தது. உண்மை நிலை இதுதான். கோவிஷீல்டு ஊசியின் வைரஸ், 1970-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் ஒரு கருவின் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்டு ஆய்வகத்தில் வளர்ந்துவரும் செல் வரிசையில் பெருக்கப்பட்டது. கோவாக்சின் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வேறொரு செல் வரிசையில் உருவாக்கப்பட்டது. கோர்பெவாக்ஸின் புரதம் ஈஸ்ட்டில் தயாரிக்கப்பட்டது.

இந்தக் கேள்வி கோவிடுக்கு முன்பே திருச்சபையின் முன் வந்திருந்தது. திருப்பீட வாழ்வுக் கழகம் 2005-இலும், விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2008-இலும் இதைப் பற்றி எழுதியிருந்தன. 2020 டிசம்பர் 21 அன்று அதே பேராயம், திருத்தந்தையின் ஒப்புதலோடு, கோவிட் தடுப்பூசிகள் பற்றித் தனிக் குறிப்பு ஒன்றை வெளியிட்டது. அறநெறிப்படி குறையற்ற வேறு ஊசி கிடைக்காத இடத்தில், இத்தகைய ஊசிகளைப் பயன்படுத்துவது அறநெறிப்படி ஏற்கத்தக்கது என்று அது சொன்னது. ஊசி போட்டுக்கொள்பவருக்கும் பல பத்தாண்டுகளுக்கு முன் நடந்த அந்தத் தீமைக்கும் உள்ள தொடர்பு மிகத் தொலைவானது. கொடிய நோயின் ஆபத்தோ மிக அருகில் இருந்தது. அதே வேளையில் இது கருக்கலைப்புக்கான ஒப்புதல் ஆகாது என்றும், மனச்சான்றுக்கு இடர் தராத ஊசிகளைத் தயாரிக்க மருந்து நிறுவனங்களும் அரசுகளும் முன்வரவேண்டும் என்றும் அது ஊக்குவித்தது. மூன்றாவது தவணைக்கு வந்தபோது நம் நாட்டில் தெரிவு செய்ய ஓரளவு வாய்ப்பு இருந்தது. 2022 ஆகஸ்டுக்குப் பிறகு, மனம் உறுத்தியவர்கள் கோர்பெவாக்ஸைக் கேட்டிருக்கலாம். இதை அன்றே பங்குகளில் தெளிவாக அறிவித்திருந்தால் சிலர் ஊசியையே தவிர்த்திருக்க மாட்டார்கள். இது நம் பக்கக் குறை.

அந்தக் குறிப்பு இன்னொன்றையும் சொன்னது. அதை இரு தரப்பினரும் வசதியாக மறந்துவிட்டார்கள். தடுப்பூசி போட்டுக்கொள்வது பொதுவாக ஓர் அறநெறிக் கட்டாயம் அல்ல, அது விருப்பத்தின்படியே இருக்கவேண்டும் என்றது. ஆனால் அடுத்த வாக்கியங்களிலேயே, பொது நன்மை தடுப்பூசியைப் பரிந்துரைக்கலாம், மனச்சான்றின் காரணமாக மறுப்பவர் தன் வழியாக நோய் பிறருக்குப் பரவாதபடி தன்னாலான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுக்கவேண்டும் என்றது. ஆகவே ஊசி போடாதவரைப் பாவி என்று சுட்டிக்காட்ட எந்தப் பங்கு நிர்வாகிக்கும் உரிமை இல்லை. ஊசியும் வேண்டாம், முகக்கவசமும் வேண்டாம், காய்ச்சலோடு பாடகர் குழுவில் வந்து நிற்பேன் என்பவருக்கும் அந்தக் குறிப்பில் இடம் இல்லை.

"நம்பிக்கை இருந்தால் ஊசி எதற்கு" என்று கேட்டவர்களும் உண்டு. கோவிலின் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னவன் யார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டினால் போதும். சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் நோயாளியை முதலில் செபிக்கச் சொல்கிறது, பின் மருத்துவருக்கு இடம் கொடுக்கச் சொல்கிறது. இரண்டும் ஒரே பகுதியில்தான் வருகின்றன. முன்னெச்சரிக்கை தவணை நம் நாட்டில் தொடங்கிய அதே 2022 சனவரி 10 அன்று, வத்திக்கானில் பல நாட்டுத் தூதர்களைச் சந்தித்த திருத்தந்தை, தடுப்பூசிகள் மந்திரக்கோல்கள் அல்ல, ஆனால் நோய்த் தடுப்புக்கு நம்மிடம் உள்ள மிக நியாயமான வழி அவையே என்ற பொருளில் பேசினார். இந்த அளவான பேச்சு நமக்கும் பொருந்தும். ஊசியை மீட்பராக்கவும் வேண்டாம், எதிரியாக்கவும் வேண்டாம்.

நமக்கு மூன்றாவது, அவர்களுக்கு முதலாவது

நேர்மையான ஒருவரின் மனச்சான்று கேட்டிருக்கவேண்டிய கடினமான கேள்வி வேறு. உலகில் கோடிக்கணக்கானோர் முதல் ஊசிக்கே காத்திருக்கும்போது நான் மூன்றாவதை எடுத்துக்கொள்ளலாமா?

2021 ஆகஸ்டு 4 அன்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் தலைவர் தெத்ரோஸ் அதனோம் கெப்ரேயேசுஸ், பூஸ்டர் போடுவதைச் செப்டம்பர் இறுதி வரையாவது நிறுத்திவையுங்கள் என்று செல்வந்த நாடுகளைக் கேட்டார். அதுவரை உலகில் போடப்பட்ட 400 கோடிக்கு மேற்பட்ட தவணைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல், மக்கள்தொகையில் பாதிக்கும் குறைவான வசதி படைத்த நாடுகளுக்கே போயிருந்தன. உயர் வருவாய் நாடுகளில் 100 பேருக்கு ஏறத்தாழ 100 தவணை, மிக ஏழை நாடுகளில் 100 பேருக்கு ஒன்றரைத் தவணை. செப்டம்பரில் அந்த வேண்டுகோளை ஆண்டு இறுதி வரை நீட்டித்தார். செல்வந்த நாடுகள் பெரும்பாலும் செவிசாய்க்கவில்லை. 2020 கிறிஸ்து பிறப்புச் செய்தியிலேயே தடுப்பூசி எல்லாருக்கும், குறிப்பாக வறியோருக்கும் நலிந்தோருக்கும் கிடைக்கவேண்டும் என்று திருத்தந்தை கேட்டிருந்தார். 2021 மே மாதத்தில், காப்புரிமையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் முயற்சிக்கும் ஆதரவு தெரிவித்தார்.

அப்படியானால் வயதான ஒருவர் தன் மூன்றாவது ஊசியை மறுத்திருந்தால் அது நீதியின் செயலாக இருந்திருக்குமா? இல்லை என்பதே நம் கருத்து. நம் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தின் குளிர்ப்பெட்டியில் திறந்துவிட்ட மருந்துக்குப்பி, நாம் மறுத்தால் கடல் தாண்டிப் போவதில்லை. சில மணி நேரத்தில் குப்பைக்குப் போகிறது. நீதி கேட்கவேண்டியது அரசுகளிடமும் நிறுவனங்களிடமும். நலிந்தவர் தன் பங்கை மறுப்பதில் அது நிறைவேறாது. இருபது வயதில் நல்ல உடல்நலத்தோடு இருப்பவர், மருந்து குறைவாக இருந்த நாட்களில், வரிசையில் பின்னால் நிற்பது வேறு. அது நல்ல செயல்தான்.

வேறொரு வழியும் இருந்தது. 2021 புனித வாரத்தில் திருத்தந்தையின் தர்மப்பணி அலுவலகம் உரோமை நகரின் மிக வறியோர் 1,200 பேருக்கு வத்திக்கானின் ஆறாம் பவுல் அரங்கில் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தது. பெரிய வெள்ளி காலை திருத்தந்தையே அங்கே வந்து, வரிசையில் இருந்தவர்களைச் சந்தித்தார். முகம் தெரியாத ஓர் ஏழைக்காக ஓர் ஊசியின் செலவை முன்கூட்டியே கொடுத்து வைக்கவும் அப்போது வழி செய்தார்கள். நேப்பிள்ஸ் நகரில் காப்பிக் கடைக்குப் போகிறவர் இரண்டு காப்பிக்குப் பணம் கொடுத்து, ஒன்றைப் பின்னால் வரும் ஏழைக்காக விட்டுச்செல்லும் பழைய வழக்கத்தைப் பார்த்துச் செய்தது அது. 2022 ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையே, மூன்றாவது ஊசிக்குப் பணம் கட்டவேண்டியிருந்த மூன்று மாதங்களில், வசதியுள்ள ஒவ்வொரு குடும்பமும் தன்னோடு இன்னொரு குடும்பத்துக்கும் கட்டியிருக்கலாம். நல்ல சமாரியர் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தபின், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்களித்தார். அந்த மேற்செலவைப் பற்றி மறையுரைகளில் நாம் அதிகம் பேசுவதில்லை.

அச்சங்கள் பற்றி

2024-இல் கோவிஷீல்டு பற்றி வந்த செய்திகள் பலரை மீண்டும் உலுக்கின. அந்த ஊசியால் மிக அரிதாக இரத்தம் உறைந்து, தட்டணுக்கள் குறையும் நிலை ஏற்படும் என்பது உண்மை. ஆனால் இது 2024-இல் வெளிப்பட்ட இரகசியம் அல்ல. 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பிய மருந்து நிறுவனம் இதை அறிவித்தது. நம் நாட்டின் பக்கவிளைவுக் கண்காணிப்புக் குழு 2021 மே மாதத்தில், பத்து லட்சம் தவணைக்கு 0.61 என்ற அளவில் இத்தகைய பாதிப்புகள் இருக்கலாம் என்று கணக்கிட்டது. இது பெரும்பாலும் முதல் தவணைக்குப் பின் சில வாரங்களில் நிகழ்ந்தது. ஆண்டுகள் கழித்து வருவதல்ல. அப்படிப் பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு இந்தச் சிறிய எண் ஆறுதல் ஆகாது என்பதையும் சொல்லவேண்டும். அவர்களது துயரம் கேட்கப்படவேண்டும், உதவி கிடைக்கவேண்டும். உண்மையை மறைத்து யாரையும் ஊசிக்கு அழைக்க நமக்கு உரிமை இல்லை.

இளையோர் திடீரென மாரடைப்பால் இறப்பதற்கு ஊசிதான் காரணம் என்ற பேச்சும் இன்றுவரை ஓயவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 18 முதல் 45 வயதுக்குட்பட்டோரின் விளக்கமற்ற திடீர் மரணங்களை ஆராய்ந்து 2023-இல் முடிவை வெளியிட்டது. தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. கோவிடால் மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் முன்பு அப்படிப்பட்ட மரணம் நிகழ்ந்திருப்பது, அளவுமீறிய மது, கடும் உடலுழைப்பு போன்றவையே தொடர்புடையவையாகத் தெரிந்தன. வாட்ஸ்அப்பில் வருவதை அன்பியக் குழுவுக்கு அனுப்புமுன் இதையும் எண்ணிப் பார்ப்போம். பொய்ச்சான்று சொல்லாதிருக்கும் கட்டளை கைப்பேசிக்கும் உரியது.

தள்ளிப்போட்டவர்களுக்கு

"அம்மாவுக்கு மூன்றாவது ஊசி போட அழைத்துப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், போகவில்லை." ஒப்புரவு அருட்சாதனத்திலும் அதற்கு வெளியிலும் இத்தகைய வார்த்தைகளைக் கேட்காத குருக்கள் குறைவாகவே இருப்பார்கள். இவர்களுக்கு இரண்டு உண்மைகளைச் சொல்லவேண்டும். மூன்று ஊசி போட்ட முதியோரும் இறந்தார்கள். ஆகவே அந்த ஓர் ஊசி அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்து, பாவம் என்பது அறிவும் விருப்பமும் சேர்ந்தது. விதிகள் மாறிக்கொண்டிருந்த, வேலை இழந்திருந்த, எல்லாரும் களைத்திருந்த ஆண்டில் நேர்ந்த தாமதத்தைக் கொலைக்குற்றம் போல் சுமக்கத் திருச்சபை யாரையும் கேட்கவில்லை. உண்மையிலேயே அலட்சியம் இருந்திருந்தால் அதற்கு மன்னிப்பு உண்டு, அதை நாடி வரலாம். இல்லாத குற்றத்தைச் சுமப்பவர் இறந்தவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்து அமைதியடையட்டும்.

நடைமுறையில் சில

2023 மார்ச்சில் உலக நலவாழ்வு நிறுவனம், உடல்நலமுள்ள பொதுமக்களுக்கு ஒரு பூஸ்டருக்கு மேல் வழக்கமாகப் பரிந்துரைக்கவில்லை என்றது. முதியோர், சர்க்கரை நோய், இதய நோய் போன்ற இணை நோய் உள்ளவர்கள், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், முன்களத்தில் நிற்கும் மருத்துவப் பணியாளர்கள் ஆகியோருக்கு மட்டும் 6 அல்லது 12 மாத இடைவெளியில் மேலும் தவணைகளைப் பரிந்துரைத்தது. எனவே இப்போது ஒருவருக்குத் தேவையா என்பதை அவரவர் மருத்துவரே சொல்லவேண்டும். மாற்று உறுப்பு பெற்றவர்களும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, இன்ஃப்ளுயன்சா, நிமோனியா ஊசிகளைப் பற்றியும் சேர்த்தே கேட்கலாம்.

எந்தப் பெருந்தொற்றிலும் பயன்படக்கூடியவை சில. தவணை போட்ட தேதியையும் ஊசியின் பெயரையும் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காமல் வீட்டு நோட்டிலும் எழுதிவையுங்கள். இரத்தம் நீர்க்கும் மாத்திரை உண்பவர்கள், முன்பு ஊசியால் ஒவ்வாமை வந்தவர்கள் செவிலியரிடம் முதலில் அதைச் சொல்லவேண்டும். ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே அமர்ந்திருக்கச் சொல்வது சடங்குக்காக அல்ல. கடும் ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வரும். கோவிட் வந்து குணமானவர்கள் 3 மாதங்கள் கழித்தே அடுத்த தவணை என்பது 2022 சனவரியில் நம் அரசு வகுத்த விதி. புதிய நோயில் இந்த இடைவெளி வேறாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளவேண்டும்.

திருப்பலிக்கு முன் ஊசி போட்டால் நற்கருணை நோன்பு முறியுமா என்று கேட்டவர்களும் உண்டு. முறியாது. திருச்சபைச் சட்டம் 919 கேட்கும் ஒரு மணி நேர நோன்பில் தண்ணீருக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. முதியோரும் நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம். ஊசிக்குப் பின் காய்ச்சலில் கிடப்பவர் பெரிய வெள்ளியானாலும் கஞ்சி குடித்து மாத்திரை போட்டுக்கொள்ளட்டும். தமிழ்நாட்டின் மெகா தடுப்பூசி முகாம்கள் 2021 செப்டம்பர் 12 அன்று ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தொடங்கின. அப்படி ஞாயிறு காலையில் வரிசையில் நிற்கவேண்டி வந்தால், சனி மாலைத் திருப்பலியில் பங்கேற்பதாலேயே ஞாயிறு கடன் நிறைவேறுகிறது.

முகாமுக்கு வர இயலாதவர்களைப் பற்றித்தான் இன்னும் சொல்லவேண்டியிருக்கிறது. 2021 நவம்பரிலும், மீண்டும் 2022 ஜூன், ஜூலை மாதங்களிலும் அரசு வீடு தேடிச் சென்று ஊசி போடும் இயக்கத்தை நடத்தியது. செவிலியர்கள் தெருத்தெருவாக அலைந்து, படுக்கையில் இருப்பவர் யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயர்கள் நம் கையில் ஏற்கெனவே இருந்தன. மாதத்தின் முதல் வெள்ளியன்று பங்குத்தந்தையும் நற்கருணைப் பணியாளர்களும் எந்தெந்த வீடுகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்கிறார்களோ, அந்தப் பட்டியல்தான் அது. இன்னொரு தொற்று வந்தால், அவரவர் வீட்டாரின் சம்மதத்தோடு, அந்தப் பட்டியலை முதல் வாரத்திலேயே சுகாதார நிலையத்தின் செவிலியரிடம் கொடுத்துவிடலாம். மூன்றாவது தவணை வரும்போது அதே பட்டியலோடு மறுபடியும் போகவேண்டியிருக்கும்.